கமராவின் மங்கற் கண்ணாடி

பாட்டனார் வைத்துச் சென்ற 4 × 5 அங்குலக் கமரா ஒன்றை மீண்டும் இயக்க முயலும் மாணவர் ஒருவர் என்னிடம் வினவினார்: "பின்புறக் கண்ணாடி உடைந்திருந்தது, புதியது பொருத்தினேன். கண்ணாடியில் அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது, படத்திலோ மங்கிவிடுகிறது. வில்லையை விற்றுவிடலாமா?"

விற்கவேண்டாம், தம்பி. கண்ணாடியை எப்புறமாக வைத்தீர் என்று முதலிற் பாரும்.

இவ்வகைக் கமராவில் நாம் காண்பது, கண்ணாடியின் தேய்த்த முகத்தில் விழும் தலைகீழான விம்பம். அம்முகம் நின்ற தளத்திலேயே பின்னர் பிலிமும் வந்து நிற்றல் வேண்டும். ஆகவே தேய்த்த முகம் வில்லையை நோக்கியே இருக்கவேண்டும். 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடியைப் புறம் மாற்றி வைத்தால், அதனுள் ஒளி முறிவதையும் கணக்கிற்கொள்ள, ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர் பிழை நேரும். துளையை எஃப் 22 வரை சுருக்கினால் அப்பிழை மறைந்துவிடும். வெயிலில் எடுத்த மரமும் கோபுரமும் நன்றாயிருக்க, வீட்டினுள் துளையை அகலத் திறந்து எடுத்த முகம் மட்டும் மங்குவது இதனாலேதான். பாவம், பழி வில்லையின்மேல் விழுகிறது!

புறம் சரியாயின் ஆழத்தை அளவிடும். இவ்வளவுக் கமராவின் பிலிம் தாங்கிக்கு நியம ஆழம் 0.197 அங்குலம், பிலிமின் தடிப்பு ஏறத்தாழ 0.007. எனவே பிலிமின் முகம் 0.190 அங்குல ஆழத்தில் நிற்கும். கண்ணாடிச் சட்டத்தின் பொருந்தும் விளிம்பிலிருந்து தேய்த்த முகம்வரை அதே ஆழம் இருத்தல் வேண்டும். பழைய தாங்கிகள் வேறுபடுவதுண்டு; உம்முடையதையே அளப்பது நன்று.

குளியலறை யன்னலுக்குரிய மங்கற் கண்ணாடி இதற்கு ஆகாது. அதன் சொரசொரப்பில் நுண்ணிய கோடுகள் தெரியா. தெளிந்த கண்ணாடியை வாங்கி, 500ஆம் இலக்கச் சிலிக்கன் காபைட்டுத் தூளை நீரிற் குழைத்திட்டு, சிறிய கண்ணாடித் துண்டொன்றால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொள்ளலாம். பொறுமை வேண்டும், உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்கலாகாது, அத்தூள் நெஞ்சுக்குத் தீது. நான்கு மூலைகளையும் கண்ணாடி வெட்டுபவரைக்கொண்டு சிறிது நறுக்குவித்தால், துருத்தியை மடிக்கும்போது காற்று வெளியேறும்.

பின்னர் ஒரு சோதனை. பத்திரிகைத் தாளொன்றைச் சாய்வாக நிறுத்தி, நடுவரி ஒன்றைக் குறித்து, துளையை முழுதும் திறந்து, அவ்வரி தெளியும்படி செய்து படம் எடும். படத்தில் கமராவுக்கு அண்மையிலுள்ள வரி தெளிந்திருந்தால், தேய்த்த முகம் வில்லைக்கு மிக அருகில் நிற்கிறது. சட்டத்தின் படிக்கும் கண்ணாடிக்கும் இடையே நான்கு புறமும் மெல்லிய கடதாசிக் கீற்றுகளை ஒரே தடிப்பில் வையும். அப்பாலுள்ள வரி தெளிந்திருந்தால், முன்பு யாரேனும் வைத்த கீற்றுகள் அங்கே கிடக்கக்கூடும். அவற்றை நீக்கி மறுபடியும் எடுத்துப் பாரும்.