லாரிக்கும் வரலாறு உண்டு

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழில் தடத்தில் உள்ள வடக்குப்பட்டு கிராமத்தில் 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு மேற்கொண்டது. கற்காலக் கருவிகள் முதல் பல்லவர் காலக் கட்டுமானம் வரையிலான சான்றுகள் அங்கு வெளிப்பட்டன. அந்த அகழாய்வுக் குழிகளுக்குச் சற்றுத் தொலைவில், அதே தடத்தில், நாள்தோறும் புத்தம்புதிய லாரிகளும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஆலைகளிலிருந்து வெளியே வருகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் செதுக்கிய கல்லைத் தேடியெடுத்துப் பாதுகாக்கும் நாம், இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பு நம் சாலைகளில் ஓடிய வாகனங்களை என்ன செய்தோம்? பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம்.

இது வெறும் பழமை ஏக்கம் அல்ல. எது பாரம்பரியம், எது கழிவு என்பதை இன்று சட்டம்தான் தீர்மானிக்கிறது. அந்தச் சட்டத்தில் காருக்கு இடம் இருக்கிறது, லாரிக்கு இல்லை.

சாலையில் நீராவியால் இயங்கும் வாகனங்களின் வரலாற்றில் இந்தியாவுக்கு முக்கியமான இடம் உண்டு. 1870-களின் தொடக்கத்தில், பஞ்சாபின் நெடுஞ்சாலையில் சரக்கையும் பயணிகளையும் ஏற்றிச்செல்ல நீராவி இழுவை வண்டிகளை ஓட்டிப்பார்த்தது அன்றைய அரசு. எடின்பரோவைச் சேர்ந்த ஆர்.டபிள்யூ. தாம்சன் வடிவமைத்த, கெட்டி ரப்பர் சக்கரங்கள் கொண்ட அந்த வண்டிகளுக்கு செனாப், ரவி என்று நம் நதிகளின் பெயர்களே சூட்டப்பட்டன. அத்திட்டத்தை முன்னின்று நடத்திய ராணுவ அதிகாரி ஆர்.இ.பி. கிராம்ப்டன். பிற்காலத்தில் அவர் இங்கிலாந்தில் தொடங்கிய மின்சாதன நிறுவனத்தின் பெயர் இன்றும் நம் வீட்டு மின்விசிறிகளில் இருக்கிறது. அவர் ஓட்டிய நீராவி வண்டிகளின் நினைவுதான் நம்மிடம் இல்லை.

நம் மாநிலத்தின் பங்கும் குறைந்ததன்று. 1840-இல் தொடங்கப்பட்டு, குதிரை வண்டிகள் கட்டுவதில் பெயர்பெற்ற சென்னை சிம்சன் நிறுவனம், 1903-இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கிச் சென்னைச் சாலைகளில் ஓடவிட்டது. 1905-இல் அது கட்டிய நீராவிப் பேருந்து, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெஜவாடாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே ஓடியது. அண்ணா சாலையில் சிம்சன் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி ஏறும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? 'ஆசியாவின் டெட்ராய்ட்' என்று பெருமை பேசப்படும் சென்னையின் வாகனத் தயாரிப்பு வரலாறு, பெட்ரோலில் அல்ல, நீராவியில்தான் தொடங்கியது.

நீராவி லாரி என்பது ரயில் எஞ்சினைச் சாலையில் இறக்கிவிட்ட விந்தை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் பிரிட்டனின் சாலைவழிக் கனரகச் சரக்குப் போக்குவரத்தில் அது முக்கியப் பங்கு வகித்தது. ஷ்ரூஸ்பரியின் சென்டினல், சாண்ட்பாக்கின் ஃபோடன் ஆகிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் இவற்றைத் தயாரித்தன. கரியைப் பற்றவைத்து, நீர் கொதித்து, சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு அளவில் நீராவி அழுத்தம் எழும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பின்னர், நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையுடன், டீசல் எஞ்சினின் இரைச்சல் இல்லாமல், பல டன் சுமையோடு வண்டி நகரும். வழியில் அடிக்கடி நீர் நிரப்ப வேண்டும். நீர்மட்டக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. நீர் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால், கொதிகலனில் பதித்திருக்கும் ஈயத் திருகு உருகி, நீராவி தீயின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். தீயையும் நீரையும் சாலையையும் ஒருசேரக் கவனிக்கும் இந்தத் தேர்ச்சி, புத்தகத்தைப் படித்து வருவதன்று. ஓட்டிப் பழகியவரிடமிருந்து கைமாறி வருவது.

இத்தனை சிறப்புடைய வாகனம் ஏன் மறைந்தது? டீசல் எஞ்சினின் வளர்ச்சி ஒரு காரணம். ஆனால், இறுதி அடியைக் கொடுத்தது சட்டம். 1930-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு கனரக வாகனங்களின் எடையை அடிப்படையாகக் கொண்டு சாலை வரியை உயர்த்தியது. கொதிகலனையும் நீரையும் கரியையும் சுமந்த நீராவி லாரி, எடை குறைந்த டீசல் லாரியோடு போட்டியிட முடியாமல் போயிற்று. சில ஆண்டுகளில் தொழிற்கூடங்கள் வேறு வாகனங்களுக்கு மாறின. சாலையில் இருந்தவை உடைக்கும் களத்துக்குச் சென்றன.

சட்டம் கைவிட்டதைச் சமூகம் கையிலெடுத்தது. 1950-களில், பழைய நீராவி இழுவை எஞ்சின்கள் இரும்பு விலைக்கு விற்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஆங்கிலேய விவசாயிகளும் எந்திரப் பணியாளர்களும் அவற்றை வாங்கிப் பழுதுபார்த்து ஓட்டத் தொடங்கினர். 1954-இல் அவர்களுக்கென தேசிய அமைப்பே உருவானது. பழைய லாரிகள், பேருந்துகள் உள்ளிட்ட வணிக வாகனங்கள் பங்கேற்கும் ஓட்டம், லண்டனிலிருந்து பிரைட்டன் வரை அங்கு ஆண்டுதோறும் நடைபெற்று வந்துள்ளது. அரச குடும்பத்தின் காருக்குக் கிடைக்கும் மரியாதை, செங்கல் சுமந்த லாரிக்கும் கிடைக்கிறது.

இந்தியாவால் இது முடியாது என்று சொல்வதற்கில்லை. 1855-இல் கட்டப்பட்டு, ஏறத்தாழ நூறாண்டு காலம் காட்சிப்பொருளாக நின்றிருந்த இ.ஐ.ஆர். 21 ரயில் எஞ்சினுக்கு 2010-இல் மீண்டும் உயிர்கொடுத்தது சென்னை பெரம்பூர் பணிமனைதான். 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நீலகிரி மலை ரயிலுக்காக, திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டித் தந்திருக்கிறது. அண்டை நாடான இலங்கையில், லாரிகளுக்குப் பெயர்பெற்ற அதே சென்டினல் நிறுவனத்தின் நீராவி ரயில்பெட்டி ஒன்று பழுதுபார்க்கப்பட்டு, பாரம்பரிய ஓட்டத்துக்காகப் பேணப்படுகிறது.

தண்டவாளத்தில் சாத்தியமானது சாலையில் ஏன் சாத்தியமாகவில்லை? ரயிலுக்கு ஒரே உரிமையாளர் உண்டு, பணிமனை உண்டு, தலைமுறை தலைமுறையாகத் தொழில் அறிந்த பணியாளர்கள் உண்டு. ரயில்வேயின் எஞ்சின் கொதிகலன்கள் பொதுவான கொதிகலன் சட்டத்துக்கு வெளியே, ரயில்வேயின் சொந்த ஆய்வுமுறைக்கு உட்பட்டவை. சாலை வாகனமோ ஆயிரம் கைகளில் சிதறிக் கிடக்கிறது. உரிமையாளர் கைவிட்டால் அதற்கு வேறு நாதியில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டிய சட்டம் 2021 ஜூலையில் வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய மத்திய மோட்டார் வாகன விதிகளில் வழிவகை செய்யப்பட்டது. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பத்து ஆண்டுகளுக்குப் பின் மறுபதிவுக்கு ரூ. 5,000. 'விஏ' என்ற எழுத்துகளுடன் தனி எண் வரிசை. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழைய வாகன அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டும் சாலையில் ஓட்டலாம். வரவேற்கத்தக்க விதிதான். ஆனால், சொந்தப் பயன்பாட்டில் உள்ள இருசக்கர வாகனங்களுக்கும் பயணியர் கார்களுக்கும் மட்டுமே அது பொருந்தும். லாரி, பேருந்து, ரோடு ரோலர் ஆகியவை அதன் வரையறைக்குள் வரவில்லை.

இதன் விளைவு என்ன? ஜமீன்தார் வாங்கிய கார் பாரம்பரியம் ஆகிறது. அந்த ஜமீனின் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுசென்ற லாரி கழிவு ஆகிறது. நாட்டைக் கட்டியெழுப்பிய உழைப்பின் வரலாறு சரக்கு வாகனங்களில்தான் இருக்கிறது. அணைக்குச் சிமென்ட் சுமந்ததும், பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவந்ததும், கிராமத்துச் சாலையை அழுத்திச் சமன்செய்ததும் அவைதாம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பேருந்துகளைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பேருந்தைத் தன் பேரனுக்குக் காட்ட அவர்கள் எங்கே செல்வார்கள்?

நீராவி வாகனத்துக்குக் கூடுதலாக ஒரு தடையும் உண்டு. அது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு மட்டுமல்ல, கொதிகலன் சட்டத்துக்கும் உட்பட்டது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் புதிய கொதிகலன்கள் சட்டம் இயற்றப்பட்டது. பதிவு, குறித்த காலத்தில் ஆய்வு, தகுதிச் சான்று பெற்ற இயக்குநர் என்ற கட்டாயங்கள் தொடர்கின்றன. அவை தளர்த்தப்பட வேண்டும் என்று கோருவது தவறு. 2020-இல் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்த கொதிகலன் விபத்துகளில் உயிரிழந்த தொழிலாளர்களை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. தேவைப்படுவது தளர்வு அன்று, பொருத்தம். ஆண்டில் சில நாள்கள் மட்டும், குறைந்த அழுத்தத்தில் இயக்கப்படும் நூறாண்டுப் பழமையான கொதிகலனை எப்படிச் சோதிப்பது, யார் சான்றளிப்பது, எந்த ஓட்டுநருக்கு உரிமம் தருவது என்பதற்குத் தனி நடைமுறை வேண்டும்.

இவற்றைவிட அவசரமான ஆபத்து ஒன்று உண்டு. 15 ஆண்டுகள் நிறைவுற்ற அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை அங்கீகரிக்கப்பட்ட உடைப்பகங்களுக்குச் செல்ல வேண்டும். காற்று மாசையும் விபத்துகளையும் குறைக்க இது தேவையான நடவடிக்கையே. ஆனால், நம் சாலைப் போக்குவரத்து வரலாற்றின் பெரும்பகுதி அரசுத் துறைகளின் வளாகங்களில்தான் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆயிரம் வாகனங்களில் ஒன்றையாவது வரலாற்றுக்காக ஒதுக்கி வைக்கலாமா என்று கேட்கும் ஒரு படிநிலைகூட ஏல நடைமுறையில் இல்லையென்றால், உடைத்த பிறகு வருந்திப் பயனில்லை.

கரிப்புகை விடும் வாகனத்தை இந்தக் காலத்தில் ஓட்டலாமா என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான். ஆண்டுக்குச் சில கிலோமீட்டர் ஓடும் ஒரு சில வாகனங்களின் புகை, ஒரகடம் சாலையில் ஒரு நாள் காலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகைக்கு ஈடாகாது. ஓடாமல் கண்ணாடிக்குப் பின்னே நிறுத்திவைத்தால் போதாதா என்றும் கேட்கலாம். வாகனம் மிஞ்சும், அதை இயக்கும் கலை அழிந்துவிடும். வாசிக்கப்படாத வீணை மரம்தான்.

பள்ளிகளும் மருத்துவமனைகளும் காத்திருக்கும்போது இதற்குப் பணம் ஏது என்பதே வலுவான எதிர்வாதம். அரசு நிதியில் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைத் தேசியப் பாரம்பரியத்தைப் பாதுகாக்கவும் செலவிடலாம். வாகன உற்பத்தியாலேயே வளம்பெற்ற ஒரு தடத்தில், அந்த நிதியின் சிறு பகுதி வாகன வரலாற்றுக்குச் செல்வது பொருத்தமானதே.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. பழம்பெரும் வாகன விதியின் வரையறைக்குள் லாரி, பேருந்து, ரோடு ரோலர் ஆகியவற்றையும் மத்திய அரசு சேர்க்க வேண்டும். பாரம்பரியக் கொதிகலன்களுக்கான தனி ஆய்வு நடைமுறையை வகுக்க வேண்டும். உடைப்பகத்துக்கு அனுப்பும் முன் அரசு வாகனங்களைப் பரிசீலிக்க, தொல்லியல் துறையும் போக்குவரத்துத் துறையும் இணைந்த ஒரு சிறு குழுவைத் தமிழக அரசு அமைக்க வேண்டும். மீட்கப்படும் வாகனங்களுக்கு ஒரகடம் பகுதியிலேயே ஒரு பணிமனை வேண்டும். பொன்மலையிலும் பெரம்பூரிலும் ஓய்வுபெற்ற பணியாளர்கள் அங்கே தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கு ரிவெட் அடிக்கவும், கொதிகலன் குழாய் மாற்றவும், தீ மூட்டவும் கற்றுத்தரலாம். ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தின் சோதனைத் தடத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் அவற்றை ஓட்டலாம். பொதுச் சாலைக்கு இடையூறு இருக்காது.

இன்று ஒரகடத்தில் உருவாகும் டீசல் லாரியும் ஒருநாள் பழையதாகும். மின்சார லாரிகள் சாலையை நிறைக்கும்போது, கியர் மாற்றி மலையேறிய இந்தத் தலைமுறையின் திறமையும் கேள்விப்பட்ட கதையாகிவிடும். வடக்குப்பட்டில் கிடைத்த கற்கருவியைச் செய்தவனின் பெயர் நமக்குத் தெரியாது. அவன் கைத்திறனை ஊகிக்க மட்டுமே முடிகிறது. லாரியைக் கட்டியவரும் ஓட்டியவரும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக் கற்க அகழாய்வு தேவையில்லை. காலம் கடத்தாமல் இருந்தாலே போதும்.