தெரு யாருக்குச் சொந்தம்?

வாசலுக்கு வெளியே கோலம் போடும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. அந்தக் கோலத்தின்மேல் நடந்து செல்லும் உரிமை ஊராருக்கும் உண்டு. இது நம் தெருக்களின் எழுதாச் சட்டம். இன்றோ கோலம் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. கோலத்தின்மேல் நடக்கலாம், காரின்மேல் நடக்க முடியுமா?

நான் பிறந்து வளர்ந்த புரோத்ராபூர், 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரை ஒட்டிய பகுதி. மேடும் பள்ளமுமான நிலம். தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் அருகருகே வாழும் இடம். அங்கே கார்கள் கப்பலில் வந்து இறங்குகின்றன. அவற்றை நிறுத்தும் இடம் கப்பலில் வருவதில்லை. பொங்கலுக்குப் பொங்கலும் துர்க்கா பூசைக்கு இனிப்பும் மாற்றிக்கொண்ட இரண்டு வீட்டார், காரை யார் எங்கே நிறுத்துவது என்ற வழக்கில் பேச்சையே நிறுத்திக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே இதை அற்பச் சண்டை என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

இந்தச் சண்டைக்கு மருந்தாகப் பல நகரங்கள் கண்டது, குடியிருப்போருக்கான நிறுத்த அனுமதிச் சீட்டு. தெருவில் குடியிருப்பவர் கட்டணம் கட்டிச் சீட்டுப் பெறுவார். சீட்டில்லாத வண்டி குறித்த நேரங்களில் அங்கே நிற்கலாகாது. அமெரிக்காவின் ஆர்லிங்டனில், அலுவலகங்களுக்கு வந்தவர்களின் கார்கள் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களை அடைத்துக்கொண்டன. சீட்டு முறை வந்தது. வெளியார் வழக்குத் தொடுத்தனர். அம்முறை செல்லும் என்று 1977 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும், பெங்களூருக்கென 2021 இல் வந்த வாகன நிறுத்தக் கொள்கை, சிறிய காருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய், பெரிய காருக்கு 5,000 ரூபாய் எனச் சீட்டுக் கட்டணம் வகுத்தது.

சீட்டு முறையை நான் எதிர்க்கவில்லை. சட்டமில்லாத இடத்தில் வல்லான் வகுத்ததே வாய்க்கால். சென்னையில் பூந்தொட்டி வைத்தும், மணல் மூட்டை அடுக்கியும், ‘இங்கே நிறுத்தாதீர்’ என்று தாமே பலகை மாட்டியும் பொதுத் தெருவை வளைத்துக்கொண்டவர்களை 2024 இல் போக்குவரத்துக் காவல்துறை எச்சரிக்க வேண்டியிருந்தது. இந்த அடாவடியைவிட விதி மேல் அன்றோ? ஆனால் சீட்டு என்பது தெருவுக்குப் பட்டாவாகிவிடக் கூடாது என்பதே என் வாதம்.

கணக்குப் பாருங்கள். ஒரு கார் நிற்க ஏறத்தாழ 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். அந்த அளவுள்ள அறைக்கு நம்மில் எத்தனை பேர் மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் வாடகை கொடுக்கிறோம்! பெங்களூரில் பெரிய காருக்கு வகுத்த கட்டணமோ நாளொன்றுக்கு 14 ரூபாய்கூட இல்லை. மனிதன் படுக்கும் இடத்துக்கு ஒரு விலை. இரும்பு உறங்கும் இடத்துக்கு ஒரு விலையா?

“வரி கட்டுகிறோமே” என்பார்கள். உண்மைதான். ஆனால் கார் இல்லாதவரும் வரி கட்டுகிறார். நடந்து போகும் கிழவியும், மிதிவண்டியில் வரும் பால்காரரும் அந்தத் தெருவில் பங்காளிகளே. ஜப்பானில் 1962 ஆம் ஆண்டுச் சட்டம் இதை வேரிலேயே தீர்க்க முயன்றது. கார் வாங்குவோர் அதை நிறுத்தத் தெருவல்லாத ஓரிடம் தமக்கு உண்டு என்று காட்ட வேண்டும். அவ்விடம் இருப்பிடத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. நாமோ முதலில் காரை வாங்குகிறோம்; பிறகு இடத்தைத் தேடுகிறோம்; கடைசியில் அண்டை வீட்டாரோடு மல்லுக்கு நிற்கிறோம்.

எனவே எந்த ஊரில் சீட்டு வந்தாலும் மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பேன். முதலாவது, நடப்போருக்கும் ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி ஒதுக்கிய பிறகே மிஞ்சும் இடத்தில் சீட்டு. பிறருக்கு இடையூறாக வண்டியை நிறுத்தக் கூடாது என்று 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122 ஆவது பிரிவு சொல்லத்தான் செய்கிறது. இரண்டாவது, இரண்டாம் காருக்குக் கட்டணம் கூட வேண்டும். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இம்முறையை நடத்திக் காட்டியிருக்கிறது. மூன்றாவது, வாடகைக்கு இருப்பவரும் குடியிருப்பவரே. வீட்டு வரி ரசீதைக் காட்டினால்தான் சீட்டு என்றால், அது சொந்த வீட்டாருக்குத் தெருவையும் சேர்த்து எழுதிக் கொடுப்பதாகும்.

தோழர்களே, இந்த மூன்றாவது நிபந்தனை நம்மைப் பற்றியது. வாடகை ஒப்பந்தம்கூட எழுதித் தரப்படாத அறைகளில் நம்மில் பலர் தங்கியிருக்கிறோம். நாளை சீட்டு வந்தால், முதலில் துரத்தப்படுவது நம் பழைய ஸ்கூட்டராகத்தான் இருக்கும். ஆகவே தெருச் சங்கம் கூடும்போது போய் உட்காருங்கள். ‘மாணவர்களுக்கு இங்கே என்ன வேலை?’ என்று கேட்டால், நாங்களும் இந்தத் தெருவில்தான் குடியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். ஆனால் நமக்கு ஒரு சீட்டுக் கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். சீட்டு யாருக்கு என்று கேட்குமுன், நடக்க வழி எங்கே என்று கேளுங்கள்.