காரை விற்றால் முடங்கிப்போவோமா?

"சென்னையில் காரை விற்றவன் பிழைத்துக்கொள்வான்; உடன்குடியில் விற்றவன் முடங்கிப்போவான்" என்கிறீர்கள், அண்ணாச்சி. என்னால் ஒப்ப முடியவில்லை.

நம் பஜாரை நினைத்துப் பாருங்கள். மளிகை, மருந்துக்கடை, வங்கி எல்லாம் நடக்கிற தூரம். திருச்செந்தூர் போய்விட்டால் நெல்லைக்கும் சென்னைக்கும் ரயில். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. கருப்பட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போகிற ஆச்சியைப் பார்த்து முடங்கியவர் என்பீர்களா?

என் கார் வாரத்தில் ஆறு நாள் வேப்பமரத்தடியில் நிற்கிறது. கதவின் அடிவிளிம்பை விரலால் தடவினேன். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கடற்காற்று விடுமா? இன்சூரன்ஸ், சர்வீஸ், பேட்டரி என்று, நிற்கிற வண்டிக்கும் செலவு நிற்பதில்லை.

"நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்தால்?" என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நெஞ்சைப் பிடித்தவரா வண்டி ஓட்டுவார்? கை நடுங்கும் மகன் ஓட்டுவதைவிட 108 ஆம்புலன்ஸ் மேல். அதில் ஆக்சிஜன் இருக்கும், பயிற்சி பெற்றவர் கூடவே வருவார். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: இரவில் பேருந்து போதாது. அதற்கு வீட்டுக்கொரு கார் மருந்தாகாது. கார் வாங்க முடியாதவர் அப்போதும் நிறுத்தத்தில்தான் நிற்பார். இரவுப் பேருந்து கேட்டு மனு எழுதியிருக்கிறேன். நாளை கொண்டு வருகிறேன், அண்ணாச்சி. முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள்.