பெயர் ஒன்றுபோல், மருந்து வேறு

சிங்கப்பூரிலிருந்து தலத்தெரு, காரைக்கால் பக்கம் வரும் பெட்டிகளில் கோடாலித் தைலம் இருப்பது வழக்கம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத மூதாட்டிகளும் படத்தைப் பார்த்தே அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். இந்த அடையாளத்தைத்தான் சட்டம் வணிகச் சின்னம் என்கிறது. இதைப் போன்ற ஒன்றை வேறொருவர் ஒட்டி விற்றால் முதலில் ஏமாறுவது அந்த மூதாட்டிதான்.

நீதிமன்றங்கள் இதை உணர்ந்தே இருக்கின்றன. 'அமிர்ததாரா', 'லக்ஷ்மண்தாரா' என்ற இரு மருந்துப் பெயர்கள் பற்றிய 1962 வழக்கில், இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராயும் நிபுணரை உச்ச நீதிமன்றம் அளவுகோலாக எடுக்கவில்லை. அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும் சாதாரண மனிதரையே எடுத்தது.

2001இல் வந்த காடிலா வழக்கு இன்னும் முக்கியமானது. 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்' இரண்டுமே மலேரியா மருந்துகள். உள்ளிருக்கும் வேதிப்பொருள் மட்டும் வேறு. மருத்துவரின் சீட்டுக்குத் தரப்படுவதால் குழப்பம் வராது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மருத்துவரும் மருந்துக் கடைக்காரரும்கூட தவறலாம், கையெழுத்து புரியாமல் போகலாம், பல மொழிகள் பேசும் நாட்டில் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியாது என்றது. பலகாரத்தில் பெயர் மாறினால் காசுதான் போகும், மருந்தில் மாறினால் உயிரே போகலாம் என்பதால் மருந்துகளுக்குக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் அந்தக் கட்டத்தில் தடை விதிக்கவில்லை; வழக்கு கீழ் நீதிமன்ற விசாரணைக்கே போனது.

இங்கேதான் ஒரு குறை. தீர்ப்பு முழுக்க நுகர்வோரைப் பற்றிப் பேசினாலும், வழக்காடியவை இரண்டு நிறுவனங்கள். சின்னத்தின் உரிமையாளர் வழக்குப் போடாவிட்டால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் காகிதத்திலேயே இருக்கும். 1999ஆம் ஆண்டுச் சட்டம் போலிச் சின்னத்துக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. ஏமாந்தவருக்கு இழப்பீடு வேண்டுமானால் அவர் நுகர்வோர் ஆணையத்தைத்தான் நாட வேண்டும். பில் இல்லாமல் அங்கே போராடுவது சிரமம்.

நனைந்த தானியத்தை உள்ளே மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் சந்தையிலேயே கண்டித்தார்கள். வாங்கியவர் வந்து முறையிடட்டும் என்று காத்திருக்கவில்லை. நம் கடைத்தெருக்களில் பிரபல பெயரை ஓர் எழுத்து மாற்றி ஒட்டிய சரக்கு அலமாரியில் இருந்தால், அதைத் திருப்பி அனுப்புவது கடைக்காரர் கையில் இருக்கிறது. வாங்குபவர் பில் கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.