பந்தியில் முதலில் அமர வேண்டியவர் யார்?

தியானப் பகுதி: சங்கீதம் 128:1-4, நீதிமொழிகள் 13:24, 25



வீடு சந்திப்புக்குச் செல்லும்போது நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. இரண்டரை வயதுப் பிள்ளை கூடத்தில் ஓடுகிறது. தாய் கிண்ணத்தோடு பின்தொடர்கிறார். பாட்டி கைப்பேசியில் காணொளியைக் காட்டுகிறார். பிள்ளை மெய்மறந்து வாய் திறக்கும் நொடியில் ஒரு கவளம் உள்ளே போகிறது. தகப்பனார் என்னை நோக்கி, “ஐயா, இவனுக்கு மகா பிடிவாதம். பிரம்புதான் மருந்தென்று வேதமே சொல்லுகிறதல்லவா?” என்கிறார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. என் பிள்ளைகள் சிறுவராயிருந்த நாட்களில், அதே வசனத்தைத் துணைக்கழைத்து, உணவுத் தட்டின் அருகே பிரம்பை வைத்தவன் நான். அவர்கள் உண்டார்கள், அழுதுகொண்டே உண்டார்கள். என் பொறுமையின்மைக்கு வேதத்தைச் சாட்சியாக நிறுத்தினேன். அது தவறு. அத்தவற்றை நம் வீடுகளில் இனியும் வேதத்தின் பெயரால் தொடரலாகாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நீதிமொழிகள் 13:24 சிட்சையைக் குறித்துப் பேசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பசியில்லாத வயிற்றைக் குற்றமென்று அது எங்கே கூறுகிறது? அங்கே பிரம்பைக் குறிக்கும் எபிரெயச் சொல் ‘ஷேபெத்’. சங்கீதம் 23:4-இல் மேய்ப்பனின் கையிலிருந்து ஆறுதல் தருவதும் அதே சொல்லே. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: நீதிமான் திருப்தியாகுமட்டும் புசிப்பதை அது சொல்லுகிறது. தன் திருப்தி எதுவென்று அறியும் உணர்வைப் பிள்ளையின் வயிற்றில் வைத்தவர் கர்த்தர். “இன்னும் ஒரே ஒரு வாய்” என்று நாள்தோறும் திணித்து அவ்வுணர்வை மழுங்கடிப்பவர்கள் நாம்.

பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை ஓராண்டில் ஏறக்குறைய 9 கிலோவாகிறது. இரண்டாம் ஆண்டிலோ சுமார் 2 முதல் 2.5 கிலோவே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயல்பு. இதற்கிடையில் பாற்புட்டியும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு, நண்பகலில் சோறு உண்ணவில்லை என்று கோபிப்பது நியாயமா?

கைப்பேசி பிரம்பைவிட மென்மையானதென்று எண்ணாதீர்கள். 2019-இல் உலகச் சுகாதார அமைப்பு, இரண்டு வயது நிறையாத பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாமென்றும், அதன்பின் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமல் இருக்க வேண்டுமென்றும் அறிவுறுத்தியது. நிலவைக் காட்டி ஊட்டிய காலத்தில் தாயின் குரலாவது பிள்ளையின் செவியில் விழுந்தது. இன்று தான் என்ன உண்கிறோம், யார் ஊட்டுகிறார் என்பதையே பிள்ளை அறிவதில்லை.

“பிடிவாதத்தை முளையிலேயே கிள்ள வேண்டாமா?” என்று கேட்பீர்கள். ராஜாவின் போஜனத்தை மறுத்த தானியேலின் உறுதியை ஞாயிறு பள்ளியில் புகழ்ந்து கற்பிக்கிறோம். வீட்டிலோ, “வேண்டாம்” என்று சொல்லும் துணிவையே நொறுக்குகிறோம். பதினெட்டு வயதில் நண்பர்கள் மதுக் கோப்பையை நீட்டும்போது “வேண்டாம்” என்று சொல்ல அவனுக்கு வலிமை தாருமென்று பிறகு கண்ணீரோடு ஜெபிக்கிறோம். மன உறுதி நொறுக்கப்பட வேண்டியதன்று, நெறிப்படுத்தப்பட வேண்டியது.

அப்படியானால் பிள்ளையே வீட்டை ஆளட்டுமா? கூடாது. அமெரிக்க உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டர் இப்பொறுப்பைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்: என்ன உணவு, எப்பொழுது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும், உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். இரண்டு, மூன்று மணி நேர இடைவெளியில் உணவோ சிற்றுண்டியோ கொடுங்கள். இடையில் தண்ணீர் மட்டும் போதும். தட்டில் சிறிதளவே வையுங்கள். தன் கையாலேயே உண்ணட்டும், சிந்தட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் அமர்ந்திருப்பதே அவ்வயதுக்குப் பெரிது. எழுந்து ஓடினால் ஒருமுறை அழைத்து வந்து அமர்த்துங்கள். மீண்டும் ஓடினால், கோபமில்லாமல், “சாப்பாடு முடிந்தது” என்று தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை தூரத்தில் இல்லை. பிள்ளையின் எடை கூடாவிட்டாலும், விழுங்கத் திணறினாலும், அடிக்கடி வாந்தி எடுத்தாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஆனால் இவையெல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் யார் அமர்ந்து உண்கிறார்கள்? தகப்பனார் தொலைக்காட்சியின் முன்; தாய் அனைவருக்கும் பரிமாறிய பின் அடுப்படியில் நின்றபடியே; அண்ணன் கைப்பேசியோடு அறைக்குள். பந்தியே இல்லாத வீட்டில் இரண்டரை வயதுப் பிள்ளை மட்டும் எந்தப் பந்தியில் அமரும்? சங்கீதக்காரன் பிள்ளைகளை ஒலிவமரக் கன்றுகளுக்கு ஒப்பிட்டபோது, அவை பந்தியைச் சுற்றிலும் இருப்பதாகவே பாடினான். ஒலிவம் மெதுவாக வளரும் மரம். கன்றைப் பிடித்து இழுத்து எவரும் அதை வளர்ப்பதில்லை.

ஆகவே தகப்பன்மாரே, இவ்வாரம் இரவு உணவுக்காவது பாயை விரித்து நீங்கள் முதலில் அமருங்கள். தாயையும் உடன் அமரச் செய்யுங்கள். பிள்ளையின் சிறு கைகளைப் பிடித்து ஸ்தோத்திரம் செய்து, பிறகு உண்ணுங்கள். திருவிருந்துப் பந்தியில் நம் ஆண்டவர் நம்மை அழைக்கிறார், காத்திருக்கிறார். ஒருவர் வாயிலும் அப்பத்தைத் திணிப்பதில்லை. அவருடைய பந்தியில் பொறுமையைப் பெற்ற நாம், நம் பந்தியில் அதைப் பிள்ளைகளுக்குக் கொடாதிருப்பது எப்படி?

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்கள் பிடிவாதத்தை நீடிய பொறுமையோடு சகித்தவரே, எங்கள் பிள்ளைகளிடத்தில் அப்பொறுமையைக் காட்ட எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் பந்திகளில் பயம் நீங்கி மகிழ்ச்சி தங்குவதாக. இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.