முன்னோர் பெயர்

தம் பாட்டனாருக்குப் பாட்டனார் இன்னாரெனத் தடையின்றிக் கூறவல்லார் நம்முள் எத்துணைப் பேர்? சென்ற விடுமுறையில், எம் ஊராகிய படப்பையில் இருந்தபோது யான் என்னையே இவ்வாறு வினவி நாணமுற்றேன். மூன்று தலைமுறைக்கு அப்பால் எனக்கு ஒரு பெயரும் தெரிந்திலது.

இங்கிலாந்து தேசத்தில், 1538ஆம் ஆண்டிலே, தாமஸ் குரோம்வெல் என்னும் அமைச்சர், திருச்சபைதோறும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றினையும் ஏட்டிற் பதிய வேண்டுமென ஆணையிட்டார். ஆதலின் அந்நாட்டு ஏழை உழவன் மரபில் வந்தானும், கிராமத்துப் பழைய ஏடுகளைப் புரட்டித் தன் முன்னோரைக் கண்டறிதல் கூடும். நமக்கோ பெரும்பாலும் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நம் பெயர்க்கு முன் நிற்கின்றது. அதுவும் தலைமுறைதோறும் மாறுகின்றது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமே சிறிது துணைசெய்வது.

ஆயினும் நம் நாட்டில் ஆதாரமே இல்லையென்றல் பிழையாம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பார் செங்கற்பட்டு ஜாகீரின் ஏறக்குறைய 2,000 கிராமங்களைக் கணக்கெடுத்தார். அக்கணக்கைச் சார்ந்த ஓலைகள் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. நிலமுடையார் மட்டுமன்றி, விளைச்சலிற் பங்கு பெற்ற கணக்கர், தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலியோரின் பங்கும் அக்கணக்கில் இடம்பெற்றுள்ளது.

மற்றொன்று கேளுங்கள். 1860ஆம் ஆண்டில் சென்னையினின்று புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாய்ச் சென்றோரின் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, ஊர் என்பன கப்பல் ஏடுகளில் வரையப்பட்டன. எழுதினோர் அன்பினால் எழுதினாரல்லர். வேலை கொள்ளும் பொருட்டே எழுதினர். எனினும் அவ்வேட்டின் துணைகொண்டு அன்னார் சந்ததியார் இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களைத் தேடி வருகின்றனர். கடல் கடந்தவர் பெயர் நின்றது. ஊரிலேயே உழுது மாண்டவர் பெயர் மறைந்தது. இஃது என்ன விந்தை!

முன்னோரைத் தேடுதல் குலப்பெருமை பேசுதற்கே வழியாகும் என்பார் சிலர். மன்னரையும் மந்திரியையுமே தேடுவார் திறத்து அது மெய்யே. ஏரிக்கரை கட்டினாரையும், நாற்று நட்டாளையும், கடன்பட்டு ஊர்விட்டு ஊர் போந்தாரையும் தேடுவார்க்கோ பெருமை வாராது, பணிவே வரும்.

படப்பை என்னும் சொல் பண்டைத் தமிழில் தோட்டத்தைக் குறிக்கும். இன்று ஒரகடம் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன, கழனிகள் மனைகளாகின்றன. பிழைப்புத் தரும் தொழிலை யான் பழித்திலேன். ஆனால் ஒவ்வொரு கழனிக்கும் உரிய பெயரையும், அதனை உழுதார் பெயரையும் அறிந்த முதியோர் நாடோறும் குறைந்து வருகின்றனர். அவர் மறைந்தபின் எந்த ஏட்டைப் புரட்டி என் பயன்?

ஆதலின், மாணவ நண்பர்காள், வரும் விடுமுறையில் உங்கள் பாட்டிமாரின் அருகே ஒரு நோட்டுப்புத்தகத்துடன் அமருங்கள். ஆடவர் பெயரோடு நில்லாது, பெண்மக்களின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் கேட்டெழுதுங்கள்; ஓலையிலும் கல்லிலும் மிகக் குறைவாய் எழுதப்பட்டோர் அவரே.