மணிக்கணக்கு மட்டும் போதாது

முழங்கால் மூட்டு மாற்று அறுவையின் முழு வலியை நோயாளி உணர்வது, மரப்பு தெளிந்த பிறகுதான். வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காது கிடந்தால் மூட்டு இறுகும். காலின் சிரைகளில் குருதி உறையும் இடரும் மிகும். ஆகவே, வலி தணிப்பைச் சிகிச்சையின் ஓர் உறுப்பாகவே கொள்ளவேண்டும்.

அவ்வலியைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று எபிடியூரல். முதுகுத் தண்டின் உறைக்கு வெளியே, இடுப்புப் பகுதியில் மருந்து செலுத்தும் இம்முறையை 1921இல் விளக்கி எழுதியவர் ஸ்பெயின் நாட்டுப் படை மருத்துவர் ஃபிடல் பாகேஸ். இன்று அதற்குப் பெரிதும் பயன்படுபவை புபிவகைன், ரோபிவகைன் என்னும் மரப்பு மருந்துகள். அவற்றின் செறிவைக் கூட்டினால் வலியோடு காலின் வலுவும் குன்றும், நடைப்பயிற்சி தடைப்படும். குறைத்தால் வலி தலைதூக்கும். இந்த இக்கட்டைத் தீர்க்கவே துணை மருந்துகள் சேர்க்கப்படுகின்றன.

அவற்றுள் குறையற்றது எதுவுமில்லை. ஃபென்டனில் விரைந்து பயன் தரும், விரைவிலேயே ஓயும். மார்ஃபின் நெடுநேரம் நிற்கும். ஆனால் அரிப்பும் குமட்டலும் சிறுநீர்த் தேக்கமும் உண்டாகலாம். பல மணி நேரம் கழித்தும் மூச்சு மந்தமாகக்கூடும். டெக்ஸ்மெடெடோமிடின் வலியற்ற நேரத்தை ஃபென்டனிலைவிட நீட்டுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் அது நாடித் துடிப்பையும் குருதியழுத்தத்தையும் தாழ்த்தவல்லது. 1999இல் அமெரிக்கா அதற்கு முதலில் ஒப்புதல் அளித்தது, தீவிர சிகிச்சைப் பிரிவில் சிரை வழியே தந்து நோயாளியை அமைதிப்படுத்துவதற்கே. மற்றொரு துணை மருந்தான குளோனிடினை எபிடியூரல் வழியே அறுவை வலிக்குத் தருவது பரிந்துரைக்கத்தக்கதன்று என அந்நாட்டு மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது.

இந்நிலையில், எம்மருந்து எத்தனை மணி நேரம் வலியைத் தடுத்தது என்று மட்டும் ஒப்பிட்டு வெற்றி அறிவிப்பது குறையான அளவுகோல். நோயாளி எப்போது எழுந்து நடந்தார், எத்தனை பேருக்கு அழுத்தம் சரிந்தது, எத்தனை பேருக்குச் சிறுநீர்க் குழாய் தேவைப்பட்டது என்பனவும் அதே அட்டவணையில் இடம்பெற வேண்டும். ஒரு சில பத்துப் பேரை வைத்து நடத்தும் ஆய்வு, அரிதாக நேரும் மூச்சு மந்தத்தைக் கண்டறியும் வலிமை உடையதன்று.

ஆய்வின் நேர்மையும் இங்கு உயிர்நாடியே. எலும்பு அறுவை வலி தணிப்பில் பெரும்பெயர் பெற்றிருந்த அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ரூபன் புனைந்த தரவுகளின் அடிப்படையில் எழுதிய கட்டுரைகள் 21 என்பது 2009இல் அம்பலமானது. அதுவரை உலகெங்கும் மருத்துவர்கள் அவற்றை நம்பியிருந்தனர்.

எபிடியூரல் வழியே ஒருமுறை மார்ஃபின் பெற்ற நோயாளியை முதல் 12 மணி நேரம் மணிக்கு ஒருமுறையும், அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் கண்காணிக்க அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் வழிகாட்டுகிறது. மூச்சின் எண்ணிக்கையையும் விழிப்பு நிலையையும் இரவெல்லாம் குறித்துவைக்கச் செவிலியர் இல்லாத நோயாளர் விடுதியில், நெடுநேரம் நிற்கும் மருந்தே நெடுநேர ஆபத்தாகிவிடும்.

எனவே, துணை மருந்தைத் தேர்வதற்கு முன் இரவுக் கண்காணிப்பை மருத்துவமனைகள் உறுதிசெய்க. ஒப்புதல் பெறாத வழியில் ஒரு மருந்தைத் தருவதாயின், அதனை நோயாளிக்கு அவர் மொழியில் விளக்கி இசைவு பெறுக. ஆய்வு நெறிக்குழுக்கள் பயனோடு தீங்கையும் எண்ணிக் காட்டாத ஆய்வுகளுக்கு ஒப்புதல் மறுக்க வேண்டும். கண்காணிக்க இயலாத மருந்தைச் செலுத்தாதிருப்பதே மருத்துவ அறம்.